துணைக்கு இருப்பவள்

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் வசித்த எவலின் கோக் என்ற பெண்மணி, ஜமைக்காத் தீவில் பிறந்து, ஜீவனத்தின் பொருட்டு அமெரிக்காவில் குடியேறி, ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம் முதியோரையும் நோயாளிகளையும் அவரவர் வீட்டிலேயே இருந்து பராமரித்து வந்தார். பிறருடைய தாயைக் குளிப்பாட்டுவதும், பிறருடைய தந்தைக்கு உணவு ஊட்டுவதும், எழுந்து நடக்க இயலாதவர்களைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் அமர்த்துவதும், இரவில் அவர்கள் முனகும் ஓசை கேட்டு விழித்துக்கொள்வதும் அவருடைய தொழிலாக இருந்தன. வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற எல்லையை அவர் உழைப்பு பல முறை கடந்தது. சில வேளைகளில் 24 மணி நேரமும் ஒரே வீட்டில் தங்க வேண்டியிருந்தது. ஆயினும், அமெரிக்கத் தொழிலாளர் பொதுவாகப் பெறும் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கூலி அவருக்குக் கிட்டவில்லை. 2002-ஆம் ஆண்டில் அவர் தம்மை வேலைக்கு அமர்த்தியிருந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அதற்குக் கிடைத்த மறுமொழியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: அவர் செய்தது சட்டத்தின் கண்ணில் ஓவர்டைமுக்கு உரிய வேலை அன்று, அவர் துணைக்கு இருந்தார்.

துணை என்ற சொல் நமக்கு மிகவும் நெருக்கமானது. தனியே வசிக்கும் பாட்டியின் வீட்டுக்கு இரவில் துணைக்குப் படுக்க அடுத்த வீட்டுப் பெண்ணை அனுப்புவது நம் கிராமங்களில் சர்வசாதாரணமான வழக்கம். விடிந்ததும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்புவதோடு அந்த ஏற்பாடு பூர்த்தியாகிவிடும். அதற்குக் கூலி பேசுவது இரு தரப்பாருக்கும் அவமானமாகத் தோன்றும். அந்தப் பழக்கத்தின் இனிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே சொல்லை எடுத்து, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒருவரின் மலஜலம் எடுத்து, புண் வராமல் புரட்டிப் போட்டு, வாரம் அறுபது எழுபது மணி நேரம் உழைப்பவளின் தொழிலுக்குப் பெயராக வைக்கும்போது, அன்பைக் குறிக்கவேண்டிய சொல் கூலியைக் குறைக்கும் கருவியாகிவிடுகிறது. அமெரிக்காவில் இது உவமையாகவன்றிச் சட்டமாகவே நடந்தது. அந்தச் சரித்திரத்தையும், அச்சொல் எதை மறைத்தது என்பதையும் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

1938-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் நிறைவேறிய நியாயமான தொழில் தரங்கள் சட்டம், குறைந்தபட்சக் கூலியையும் ஓவர்டைமையும் உரிமைகளாக்கியபோது, வீட்டு வேலைக்காரர்களும் விவசாயக் கூலிகளும் அதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றனர். இவ்விரு தொழில்களிலும் கறுப்பின மக்கள் மிகுதியாக இருந்தனர் என்பது தற்செயலான செய்தியன்று. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1974-இல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தத் தவறைத் திருத்த முற்பட்டு, வீட்டு வேலை செய்வோரைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. கொண்டுவரும்போதே இரண்டு விலக்குகளையும் வைத்தது. அவ்வப்போது குழந்தை பார்த்துக்கொள்ள வருவோர் ஒரு வகையினர். முதுமையாலோ உடல் நலிவாலோ தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாதவர்களுக்குத் துணையாக இருப்போர் மற்றொரு வகையினர். இவர்கள் குடும்பத்தைத் தாங்குவதற்காக உழைப்பவர்கள் அல்லர் என்பது சட்டம் இயற்றியோரின் எண்ணம். மறு வருஷம் தொழில் இலாகா எழுதிய விதிகளோ அந்த விலக்கை மேலும் அகலமாக்கி, ஊழியரை அனுப்பி லாபம் ஈட்டும் நிறுவனங்களும் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ள இடமளித்தன. பக்கத்து வீட்டு அம்மாளை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் ஒரு பெரும் தொழிலின் கூலி விகிதத்தையே நிர்ணயிக்கலாயிற்று.

இத்தனைக்கும், இந்தத் தொழில் பக்கத்து வீட்டு அம்மாளிடமிருந்து தோன்றியதன்று. ஐலீன் போரிஸ், ஜெனிபர் கிளைன் என்னும் இரண்டு சரித்திர ஆசிரியைகள் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இதை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து நிவாரணத்தை எதிர்பார்த்து நின்ற ஏழைப் பெண்களை, அரசாங்கமே சம்பளம் கொடுத்து, தாய் நோயுற்ற குடும்பங்களுக்கும் நாட்பட்ட வியாதியஸ்தர்களின் வீடுகளுக்கும் அனுப்பிவைத்தது. ஒருபுறம் வேலையில்லாதவளுக்கு வேலை, மறுபுறம் ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கு ஓய்வு என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் வீழ்த்தும் திட்டம் அது. 1947-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்த மாண்டிபியோர் ஆஸ்பத்திரி, டாக்டர் புளூஸ்டோன் என்பவரின் முயற்சியால், வைத்தியத்தையே வீட்டுக்கு எடுத்துச் செல்லும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1965-இல் முதியோருக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் பிறந்தபின், பொதுப்பணம் இந்தத் துறைக்குள் பாயத் தொடங்கியது. ஆக, தொடக்கமுதலே இது அரசாங்கம் உண்டாக்கி, அரசாங்கம் பணம் கொடுத்து வளர்த்த தொழில். அதை வீட்டுக்குள் நடக்கும் அந்தரங்க உபகாரம் என்று கருதுவதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை.

அந்த வேலைதான் என்ன? கிளீவ்லாந்து நகரத்தைச் சேர்ந்த சிட்னி காட்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1963-இல் வெளியிட்ட ஓர் அளவுகோல், மனிதன் சுயமாக வாழ்வதற்கு வேண்டிய சரீர காரியங்களை ஆறாகப் பிரித்தது: குளித்தல், உடுத்தல், மலஜலத்துக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு இடம்பெயர்தல், மலஜலத்தை அடக்கும் ஆற்றல், உண்ணுதல். நோயுற்ற முதியவர் முதலில் குளிக்கும் திறனை இழக்கிறார்; உண்ணும் திறனே கடைசிவரை நிற்கிறது; குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசைக்கு இது ஏறக்குறைய நேர்மாறானது என்று காட்ஸ் குழுவினர் கருதினர். எத்தனையோ பெரிய நூல்கள் சொல்லாத ஒரு மனித உண்மை இந்தச் சிறிய அட்டவணையில் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. வீட்டுக்கு வரும் உதவியாளர் இந்த ஆறு காரியங்களின் விளிம்பில்தான் நாள் முழுவதும் நிற்கிறார்.

குளிப்பாட்டுதல் என்ற ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து படுக்கையில் கிடக்கும் கிழவர் ஒருவருக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். தொடங்குவதற்கு முன்பே துண்டு, சோப்பு, மாற்றுடை, இரண்டு பாத்திரத்தில் வெந்நீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட வேண்டும். ஏனெனில் நடுவில் அவரை விட்டுவிட்டு எழுந்துபோக முடியாது. செயலற்ற பக்கத்தின் தோலுக்குச் சூடு உறைக்காதாகையால், நீரின் பதத்தை உதவியாளர் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்துக்கொள்கிறார். உடம்பு முழுவதையும் ஒருசேரத் திறப்பதில்லை. துடைக்கும் அங்கத்தை மட்டும் வெளியே எடுத்து மற்றதைப் போர்வைக்குள் வைப்பது குளிருக்காக மட்டுமன்று, மானத்துக்காகவும்தான். சோப்பு இல்லாத நீரில் முதலில் கண்கள், உள்மூலையிலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வெவ்வேறு பகுதியால். பிறகு முகம், கைகள், மார்பு, கால்கள், முதுகு. மறைவிடங்கள் கடைசியில், புது நீரில், முன்னிருந்து பின்னாக. தேய்த்துத் துவட்டினால் முதியவரின் காகிதம் போன்ற தோல் கிழியும். ஆகவே ஒற்றியெடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே கண் சும்மா இருப்பதில்லை. இடுப்பின் பின்புற எலும்பு, குதிகால், முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களில் சிவப்பு தட்டியிருக்கிறதா, விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்கிறதா, வெளுக்காமல் அப்படியே நிற்கிறதா என்று பார்க்கிறார். வெளுக்காமல் நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதற்படி. கருநிறத் தோலில் சிவப்புத் தெரியாது; அங்கே வெம்மையையும் கடினத்தையும் விரல்நுனிதான் கண்டுகொள்ள வேண்டும்.

உடுத்துவதிலும் ஒரு கிரமம் உண்டு. சட்டையை மாட்டும்போது செயலற்ற கை முதலில். கழற்றும்போது அதே கை கடைசியில். நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய பலமுள்ள பக்கத்தில், பிரேக் போட்டு, கால் தாங்கிகளை விலக்கிவைத்து நிற்க வேண்டும். தூக்குபவர் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழ வேண்டும். மறந்தும் அவருடைய செயலற்ற கையைப் பிடித்து இழுத்தலாகாது, தோள் மூட்டு நழுவிவிடும். ஊட்டும்போது நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால், உணர்ச்சியுள்ள பக்கத்துக் கன்னத்தில் கொடுத்து, தொண்டை அசைந்து விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கவளம். இல்லையேல் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவாக முடியும். ஒரு தாய் தன் குழந்தைக்குச் செய்யும் காரியம்தானே இது என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம். குழந்தையின் எடை சில கிலோ. இவருடைய எடை எழுபது கிலோ. குழந்தை நாளுக்கு நாள் வளர்கிறது. இவரோ, நம் கையிலேயே நாளுக்கு நாள் குறைகிறார். அதைத் தாங்கிக்கொள்ளும் மனத்தின் பிரயாசையை அளக்க காட்ஸின் அட்டவணையில் இடமில்லை.

மறதி நோய் கண்டவர்களிடம் இந்தப் பிரயாசை இன்னும் நுட்பமானது. மாலை நெருங்க நெருங்க அவர்களில் பலருக்குக் கலக்கம் மிகும். தம் சொந்த வீட்டிலேயே அமர்ந்துகொண்டு, வீட்டுக்குப் போகவேண்டும் என்று எழுந்து நிற்பார்கள். இதுதான் உங்கள் வீடு என்று வாதிடுவதால் பயனில்லை என்பதை அனுபவமுள்ள உதவியாளர் அறிவார். அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு, பேச்சோடு பேச்சாகத் தாழ்வாரம்வரை நடத்திச் சென்று, திரும்ப அழைத்து வருவார். வழக்கமாகத் தெளிவாக இருக்கும் மூதாட்டி ஒரு நாள் திடீரென்று குழம்பிப் பேசினால் அது முதுமையின் மாற்றம் என்று விட்டுவிடாமல், சிறுநீர்த் தாரையில் கிருமி தொற்றியிருக்கலாம் என்று நர்ஸுக்குத் தெரிவிப்பார். இருதயம் பலவீனமானவரின் கணுக்காலில் வீக்கம் ஏறுவதையும் அவரே முதலில் காண்கிறார். வைத்தியர் சில வாரங்களுக்கு ஒருமுறை சில நிமிஷம் பார்க்கிறார். நர்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறார். நாள்தோறும் அந்தச் சரீரத்தைத் தொடுகிற கை இந்த ஒருவருடையதுதான்.

இந்த அறிவை அமெரிக்க அரசாங்கமே ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது. 1987-இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின் வழியாக, மெடிகேர் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் பணிபுரியும் வீட்டு உடல்நல உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று விதி வந்தது; அதில் 16 மணி நேரம் மேற்பார்வையின் கீழ் நேரடிச் செயற்பயிற்சி; பிறகு ஆண்டுதோறும் 12 மணி நேரம் தொடர்பயிற்சி. உடல் வெப்பம், நாடி, சுவாசம் ஆகியவற்றை அளந்து குறிப்பது முதல் அவசர நிலையை உணர்வது வரை அந்தப் பாடத்தில் அடங்கும். ஆனால் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும், தனிநபர் பராமரிப்பு உதவியாளர் என்று பெயர் சூட்டப்பட்ட மற்றொரு பெரும் கூட்டத்துக்குத் தேசிய அளவில் பயிற்சி விதியே கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் நியதி வேறுபடும். இரு வகையினரும் சேர்ந்து இன்று சுமார் 40 லட்சம் பேர். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிற நாட்டில் பிறந்தவர். 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இவர்களுடைய இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு 35,000 டாலருக்குச் சற்றுக் குறைவு.

இரவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 24 மணி நேரப் பணிமுறை ஒன்று உண்டு. அதில் எட்டு மணி நேரம் தூக்கத்துக்கும் மூன்று மணி நேரம் உணவுக்கும் எனக் கழித்துவிட்டு 13 மணி நேரத்துக்கு மட்டும் கூலி கொடுப்பது வழக்கம். அந்த எட்டு மணியில் ஐந்து மணியாவது தடையின்றித் தூங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2019-இல் மாநிலத்தின் உச்ச நியாயஸ்தலம் இந்தக் கணக்கைச் செல்லும் என்று தீர்த்தது. தூக்கமும் உணவு ஓய்வும் மெய்யாகவே கிடைக்காதவர் அதைக் காட்டி முழுக் கூலி கேட்கலாம் என்ற வழியைத் திறந்தும் வைத்தது. படுக்கைப் புண் வராதிருக்க நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அதைச் சிரத்தையாகச் செய்கிறவளுக்கு ஐந்து மணி நேரத் தொடர் தூக்கம் எங்கிருந்து வரும்? கடமையைச் செய்தால் தூக்கமில்லை. தூங்கவில்லை என்பதை நிரூபிக்கவோ, அந்த அறையில் சாட்சியாக இருப்பவர் பேச்சிழந்த ஒரு நோயாளி மட்டுமே.

சாட்சியில்லாத அந்த அறைதான் இவர்கள் சங்கம் கூடுவதற்கும் தடையாக இருந்தது. ஆலை வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்க இங்கே வாசல் இல்லை; ஆயிரம் தொழிலாளர் என்றால் ஆயிரம் வீடு. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய சங்க முயற்சி இன்னொரு விசித்திரமான கேள்வியில் முட்டி நின்றது: இவர்களுக்கு முதலாளி யார்? பணம் கொடுப்பது அரசாங்கம். வேலை வாங்குவது நோயாளி. மாவட்ட நிர்வாகம் தான் முதலாளி அல்ல என்றது. நீதிமன்றமும் அதை ஏற்றது. முதலாளி இல்லாத தொழிலாளி யாரிடம் பேரம் பேசுவது? ஆகவே சங்கத்தார் முதியோர் அமைப்புகளையும் ஊனமுற்றோர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, சட்டத்தைத் திருத்தி, பேரத்தின் எதிர்ப்பக்கத்தில் அமரத்தக்க பொது அதிகார அமைப்பு ஒன்றை உண்டாக்கச் செய்தனர். 1999 பிப்ரவரியில் அங்கே 74,000 உதவியாளர்கள் சேவை ஊழியர் சர்வதேசச் சங்கத்தில் சேர்ந்தபோது, 1930-களின் மோட்டார்த் தொழிலாளர் எழுச்சிக்குப் பிறகு அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கம் கண்ட மிகப் பெரிய வெற்றி என்று அது போற்றப்பட்டது. பலர் அந்தத் தபால் வாக்குச் சீட்டைத் தாம் பராமரிப்பவரின் சமையலறை மேஜையில் வைத்தே நிரப்பியிருக்கக் கூடும் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

இந்த விவகாரத்தில் எதிர்வாதமும் உண்டு. அதைச் செவிமடுக்காமல் செல்வது நியாயமாகாது. மெடிகேர், நீண்டகாலத் தினசரிப் பராமரிப்புக்குப் பணம் கொடுப்பதில்லை. மெடிகெய்டு கொடுக்கும், ஆனால் அதற்கு ஏழையாக இருக்க வேண்டும். இடைப்பட்ட குடும்பங்கள் கையிருப்பைக் கரைத்தே தாயைப் பார்த்துக்கொள்கின்றன. கூலி ஏறினால் பராமரிப்பு நேரம் குறையும் என்ற அவர்களுடைய பயம் பொய்யன்று. எட் ராபர்ட்ஸும் அவர் தோழர்களும் 1972-இல் பெர்க்லி நகரத்தில் நிறுவிய சுதந்திர வாழ்வு மையத்தின் வழிவந்த ஊனமுற்றோர் இயக்கத்தாரில் ஒரு பகுதியினரும், ஓவர்டைம் கட்டாயமானால் தங்கள் உதவியாளரின் நேரம் வெட்டுப்பட்டு, மறுபடி விடுதிகளுக்குள் தள்ளப்படுவோமோ என்று அஞ்சினர். தகுதியுள்ளவரைச் சமூகத்தில் வாழவிடாமல் நிறுவனத்துக்குள் வைத்திருப்பது பாரபட்சம் என்று 1999-இல் ஓம்ஸ்டெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிறகும் அந்த அச்சம் நீங்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெர்க்லியின் அந்த இயக்கத்தார் வேண்டியது தங்கள் கட்டளைப்படி இயங்கும் தொழில்முறை உதவியாளரையேயன்றி, இரக்கப்பட்டுக் கூட இருக்கும் துணையை அன்று. பராமரிக்கப்படுபவரின் கௌரவமும் அந்தச் சொல்லுக்குள் அடங்க மறுத்தது. இந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்றால், பொதுப்பணத்தின் போதாமையிலிருந்து வருகிறது. அந்தப் போதாமையை ஈடுகட்ட, எல்லோரிலும் குறைவாகக் கூலி பெறுபவளின் இரவுத் தூக்கத்தைக் கேட்பது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்குப் புலப்படவில்லை.

எவலின் கோக்கின் வழக்குக்குத் திரும்புவோம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது; ஆனால் 2007 ஜூன் 11-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விலக்கின் எல்லையை வகுக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் தொழில் இலாகாவிடம் விட்டிருக்கிறது, இலாகாவின் விதி செல்லும் என்பது நீதிபதி ஸ்டீபன் பிரேயர் எழுதிய தீர்ப்பின் சாரம். அப்போது கோக் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்தார். பிறரைத் தாங்கிய சரீரம் தனக்கே ஒரு கையைத் தேடும் நிலையை அடைந்திருந்தது. 2009-இல், 74-ஆம் வயதில், அவர் காலமானார். நீதிமன்றம் இலாகாவின் கையில் விட்டதை இலாகாவே மாற்றுவதற்கு 2013 ஆயிற்று: நிறுவனங்கள் இனி அந்த விலக்கைக் கோர முடியாது, துணை என்பது உண்மையில் உடனிருந்து பார்த்துக்கொள்வதையும் உரையாடுவதையும் மட்டுமே குறிக்கும், குளிப்பாட்டுதல் முதலான பராமரிப்பு, வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அது துணை ஆகாது. நிறுவனங்களின் சங்கங்கள் வழக்காடின. கீழ்நீதிமன்றம் விதியை ரத்துச் செய்தது. 2015 ஆகஸ்டில் மேல்நீதிமன்றம் அதை உயிர்ப்பித்தது.

அதன்பின் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 2016-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, மெடிகெய்டு பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்பு ஒவ்வொன்றும் மின்னணு முறையில் பதிவாக வேண்டும்: என்ன பணி, யாருக்கு, யாரால், எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது. உதவியாளர் வந்ததும் பெரும்பாலும் கைப்பேசியில் வருகையைப் பதிகிறார். வெளியே வரும்போது மறுபடி பதிகிறார். வீட்டுக்குள் நடக்கும் வேலையின் நேரத்தை அளப்பது அரிது என்று சொல்லிவந்த காலம் அத்தோடு மறைந்தது.

2025 ஜூலையில் தொழில் இலாகா, 2013-இன் விதியை நீக்கி, 1975-இல் இருந்த நிலைக்கே திரும்பலாம் என்ற யோசனையை வெளியிட்டது. அதன்படி, நிறுவனங்கள் அனுப்பும் உதவியாளர்கள் மறுபடியும் துணைக்கு இருப்பவர்கள் ஆவார்கள். அவர்கள் வந்து போகும் நிமிஷத்தைப் பதியச் சொல்லும் சட்டத்தில் அந்த யோசனை கைவைக்கவில்லை.